பூக்காத இலை

பூ பூக்காத இலையில் நஞ்சிருக்காது. இறக்காமத்துப் பக்கம் மாடு மேய்க்கிறவர்களின் சட்டம் இது. யார் போட்ட சட்டமென்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஊமத்தை பூக்கும், அலரி பூக்கும், ஆமணக்குப் பூத்துக் காய்க்கும், கார்த்திகைப்பூவைச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே பூவோடு நிற்கிறது. மாட்டைக் கொல்லுகிறது எதுவானாலும் முதலில் பூவைக் காட்டிவிட்டுத்தான் கொல்லும். மசூரும் அப்படித்தான் நம்பியிருந்தார். பாதி ஆயுளை மாட்டுக்குப் பின்னால் நடந்தே கழித்த மனிசன், அந்த ஒரு நம்பிக்கையால் கெட்டுப் போனார்.

மசூருக்குச் சொந்தமாக இருந்தது ஒரேயொரு நாகு, இன்னும் கன்று போடாதது. மற்றதெல்லாம் ஊரார் மாடு. கல்முனையில் புடைவைக் கடை வைத்திருந்த பதியுதீன் ஹாஜியாருக்குத்தான் அதில் பெரும்பங்கு. பால் மேய்க்கிறவனுக்கு, கன்று உடையவனுக்கு, மாடு தானாகச் செத்தால் தோல் மேய்க்கிறவனுக்கு. வாப்பாமார் காலத்திலிருந்து வந்த பேச்சு இது. அந்தத் தோல் பேச்சுத்தான் பிறகு மசூரின் கழுத்தில் கயிறாக விழுந்தது.

மாரி விதைப்புக்கு நாள் குறித்துவிட்டால் மாடெல்லாம் வயலை விட்டு வெளிக்கிட வேண்டும். அறுவடை முடியும் வரை மேற்கே காட்டோரம்தான் மேய்ச்சல். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு இரண்டு மாரிக்கு முந்தி, மசூர் பட்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், பழைய மேய்ச்சல் தரையில் குடியேற்றம் வந்து முள்ளுக்கம்பி ஓடிக் கிடக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காரைதீவுச் செல்லத்தம்பியும் கூடவே இருந்தான். தன் நாலைந்து மாட்டை மசூரின் பட்டியோடு சேர்த்து மேய்க்கிறவன் அவன், மசூரை மூத்தவரென்று ‘காக்கா’ என்றே கூப்பிடுவான். உட்கார்ந்திருந்தால் மாட்டுக்கு வயிறு நிறையுமா? மசூர் எழும்பி நடந்து, இன்னும் மேலே ஒரு சரிவைக் கண்டுபிடித்தார். யாரோ சேனைப் பயிருக்கென்று காட்டை எரித்துவிட்டு, விதைக்காமலே விட்டுப் போன சரிவு.

பச்சையென்றால் அப்படியொரு பச்சை. கிட்டப் போனால் புல் கொஞ்சம், மற்றதெல்லாம் ஒரே செடி. தரையிலிருந்து காம்பு தனியாக நிமிர்ந்து இடுப்பளவுக்கு வந்து, மேலே மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் திரும்பத் திரும்பக் கிழிந்து முக்கோணமாக விரிந்திருந்தது. முற்றிய இலை முரடு. குருத்தோ பிறந்த பிள்ளையின் கைபோல இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, மேலெல்லாம் செம்பட்டை மயிரோடு எழும்பி நின்றது. அதன் நிழலில் வேறொரு பூண்டும் முளைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்திமார் இந்தச் சாதியைப் பன்னம் என்பார்கள். மாட்டுக்காரர்களிடம் அதற்குப் பெயரே இல்லை. பூக்காததற்கு யார் பெயர் வைப்பார்கள்?

“காக்கா, இது என்ன சாமான்? குருத்தெல்லாம் சுருண்டு போய்க் கிடக்கு” என்றான் செல்லத்தம்பி.

“பேர் தெரியா. நீ பூவைத் தேடு.”

இருவரும் தேடினார்கள். சரிவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு மொட்டுக்கூட இல்லை. மசூர் இலையைப் புரட்டிப் பார்த்தார். ஓரம் உள்பக்கமாக மடிந்து, தையற்காரன் மடித்தடித்த கரைபோல இருந்தது. மடிப்பை நகத்தால் நெம்பினால் உள்ளே பழுப்பாக ஒரு தூள், இரும்புக் கறள் மாதிரி விரலில் ஒட்டியது. விதையென்று சொல்ல முடியாது, அவ்வளவு நுணுக்கம். மூக்கில் வைத்தார், மணமுமில்லை. பிடுங்கிப் பார்த்தார். காம்பு கையோடு வந்தது, வேர் வரவில்லை. கத்தியால் கிண்டினால் கறுப்புத் தண்டொன்று விரல் மொத்தத்தில் நிலத்துக்குள்ளே படுத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே காடே எரிந்து சாம்பலாகியிருக்க, ஒரு கை ஆழத்தில் அது சுகமாகக் கிடந்தது.

“பூவுமில்ல, காயுமில்ல. தூசு பிடிச்ச வெறும் இலை” என்று கையைத் தட்டினார் மசூர். “மாடு திண்டா திண்டிட்டுப் போகட்டும்.”

முதலில் மாடுகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புல் முடிந்த பிறகு சுருண்ட குருத்துகளைக் கடித்துப் பார்த்தன. பழகியபின் புல்லைக் காட்டினாலும் குருத்துக்கே ஓடின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாரி முழுக்க அங்கேதான். அறுவடை முடிந்ததும் பட்டி கீழே இறங்கி, ஹாஜியாரின் சொந்த வயலிலேயே அறுத்து மிஞ்சிய ஒட்டடித்தாள் மேய்ந்தது.

அங்கே வைத்துத்தான் தொடங்கியது. ஹாஜியாரின் செவலைப் பசு முதலில் தீனியை மறந்தது. பிறகு மூக்கால் இரத்தம் வந்தது. மேலெல்லாம் ஈ கடித்த இடங்களில் சிவப்புச் சிவப்பாகத் துளி நின்றது. கல்முனையிலிருந்து மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டார். ஊசி போட்ட துவாரத்தாலும் இரத்தம் வடிந்தது, நிற்கவேயில்லை. இது தொற்று நோய்போலத் தெரியவில்லை, என்ன தின்றதென்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மனம் நொந்து திரும்பிப் போனார். செவலை செத்தது. அடுத்தது செத்தது. அதற்கடுத்ததும் செத்தது. செல்லத்தம்பியின் மாட்டிலும் இரண்டு போய்விட்டன.

வழமைப்படி மசூர் தோலை உரித்து வேலியில் காயப்போட்டார். அதுதான் பிழை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சந்தைக்குப் போகிற எல்லாரும் அந்த வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். தோல் கூடக்கூட அவர்கள் நடை மெதுவாகியது. யாருக்கு ஆதாயமோ அவன்தான் செய்திருப்பான் என்று ஒருவர் சொல்ல, ஊர் முழுக்க அதையே சொன்னது. ஹாஜியார் வாய் திறக்கவில்லை. அவர் பொல்லாத மனிசனல்ல. ஆனால் செவலை அவருடைய உம்மா வளர்த்த பசு, அது இரத்தம் கக்கிச் செத்ததைக் கண்ணால் கண்டவர்.

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம் கூடியது. அப்துல் கபூர் மரைக்கார் நடுவில் இருந்தார். ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிறவர் அவர். மசூர் எதிரில் நின்றார். செல்லத்தம்பி வெளியே மர நிழலில் நின்று எட்டிப் பார்த்தான்.

“மசூர், ஒன்ட வாயால ஊர் கேக்க விரும்புது” என்றார் மரைக்கார். “என்னால இந்த மாடுகள் சாகல்ல எண்டு குர்ஆன்ல கைய வெச்சிச் சொல்லு. இண்டையோட இந்தக் கதை முடிஞ்சிடும்.”

எவ்வளவு இலேசான காரியம். கையை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கலாம். ஆனால் மசூர் அதற்குள் வேறொன்றைக் கவனித்திருந்தார். வயலில் நின்ற உழவு மாடுகள் அதே ஒட்டடித்தாளைத் தின்றன, அதே வாய்க்காலில் தண்ணீர் குடித்தன, அவற்றில் ஒன்றும் சாகவில்லை. சரிவுக்குப் போன மாடுகள்தான் செத்தன. நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பள்ளிக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

“என்னால கை வெக்க ஏலா, மரைக்கார். மேல அந்தச் சரிவில ஒரு இலை கிடக்கு. மாரியெல்லாம் அதைத்தான் திண்டிச்சி. அங்க ஓட்டிப் போனது நான். என்னால இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுற?”

“இலையா?” என்றார் ஹாஜியார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. “என்ன இலை? என்ன பூப் பூக்கும்?”

“பூக்காது. காய்க்கவும் காய்க்காது.”

சிலர் சிரித்துவிட்டார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. “மாரி முழுக்கத் திண்டு சாகாத மாடு, என்ட வயலுக்கு வந்து ஒட்டடி திண்ட நேரமா சாகிற? சின்னப்புள்ளையும் நம்பாத கதையெல்லாம் கதைக்காத மசூர்.”

அது மசூருக்கே விளங்கவில்லை. வெளியிலிருந்து செல்லத்தம்பி, “காக்கா சொல்லுறது சரிதான், என்ட மாடும்தானே செத்தது” என்றான். “உங்கட மாட்டுத் தோலையும் இவன்தானே தம்பி எடுத்த?” என்று யாரோ திருப்பிக் கேட்டார்கள்.

“எனக்குத் தவணை தாங்க” என்றார் மசூர். “நான் காட்டுறன்.”

நோன்புப் பெருநாள் கழிந்து வரும் முதல் ஜும்ஆ வரைக்கும் மரைக்கார் தவணை கொடுத்தார். காட்டாவிட்டால் ஊர்க்கட்டு. மசூர் வீட்டுக் கல்யாணத்துக்கும் மையித்துக்கும் ஒரு காக்கை குருவியும் வராது. வீட்டில் கல்யாணமொன்று காத்துக்கொண்டும் இருந்தது. மகள் சுல்பிகாவை ஒலுவிலில் பேசி முடித்திருந்தார்கள், நிக்காஹ் பெருநாளைக்குப் பிறகென்று. பள்ளித் தீர்ப்பைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

காட்டுவதென்றால் எப்படிக் காட்டுவது? ஊரில் எவன் தன் மாட்டைத் தருவான்? மசூருக்கு இருந்தது அந்த நாகு ஒன்றுதான். மயிலை நிறம், அதனால் பேரும் மயிலை. வீட்டில் கட்டி வளர்ந்தது, பட்டியோடு சரிவுக்குப் போனதில்லை. அதுவும் அவருடையதல்ல. சுல்பிகா பிறந்தபோது அவளுக்கென்று பிரித்த பசுவின் வழியில் வந்தது. பெண் பிள்ளைக்குப் பிரித்த மாட்டில் வாப்பாவும் கை வைக்க மாட்டார், அது அவள் புது வீட்டு வாசலில் கட்ட வேண்டிய மாடு. மசூர் இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

சுல்பிகா மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “மாடு செத்தாத்தான் நீங்க நல்லவரு, என்ன வாப்பா?” என்றாள்.

“ஓம் மகள்.”

“சாகாட்டி?”

“சாகாட்டி நான் பொய்யன்.”

அன்று பின்நேரம் செல்லத்தம்பியின் வண்டிலில் சாக்குச் சாக்காக இலை வந்து இறங்கியபோது, கத்தியை எடுத்துக்கொண்டு வந்து முதல் இலைக்கட்டைச் சுல்பிகாவே வெட்டினாள்.

நோன்பு பிடித்துக்கொண்டு மசூர் சரிவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வெட்டிய இடத்தில் அடுத்த முறை போகும்போது புதுக் குருத்துகள் சுருண்டுகொண்டு நின்றன. வெட்டினாலும் முளைக்கிறது, எரித்தாலும் முளைக்கிறது, சனியன் பிடித்த செடி. மனைவி றபீக்கா ஒரு காம்பைச் சாய்வாக வெட்டி, உள்ளே ஓடிய கறுப்புக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். “எழுத்து மாதிரி இரிக்கி. என்ன எழுதியிரிக்கோ, அல்லாஹ்தான் அறிவான்” என்று போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மயிலை முதலில் முகத்தைத் திருப்பியது. வைக்கோலோடு கலந்து சுல்பிகா கையால் தீத்தினாள். அவள் கையிலிருந்து எதை வாங்கித்தான் அது தின்னாமல் விட்டது? பிறகு தானாகவே தின்றது. தின்று தின்று கொழுத்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், பெருநாளைக்கு நல்ல மாடு வளருது என்று நையாண்டி பண்ணினார்கள்.

“மாடு கொழுக்குது, நம்மட பேரு மெலியுது” என்றாள் றபீக்கா.

மசூருக்கு ராத்தூக்கம் போயிற்று. எதற்குத் துஆக் கேட்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. மாடு பிழைக்க வேண்டுமென்று கேட்டால் மகளின் கல்யாணம் போகும். மாடு சாக வேண்டுமென்று கேட்க நாக்கு எழவில்லை. கையை ஏந்தினால் ஏந்தியபடியே இருந்தார், ஒன்றும் கேட்காமல் முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பினார்.

பெருநாள் வந்தது, போனது. ஜும்ஆவுக்கு முந்திய நாள் மயிலை தீனி எடுக்கவில்லை. காலையில் மசூர் போய்ப் பார்த்தபோது, தோள் பக்கம் ஈயொன்று எழும்பிப் பறந்தது. அது இருந்த இடத்தில் ஒரு துளி இரத்தம். துடைத்தார். மறுபடி வந்தது. துடைத்தார். மறுபடியும் வந்தது. சந்தோஷம் வந்தது அவருக்கு, மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு நிறையச் சந்தோஷம் வந்தது. அடுத்த மூச்சில் வெட்கமும் வந்தது. மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிசன் குழந்தைபோல அழுதார்.

ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது மசூர் பள்ளி முன்னால் மயிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இலைச் சாக்கு. மயிலையின் மூக்கிலிருந்து இரத்தம் மணலில் சொட்டியது. கால்கள் நடுங்கின. மரைக்கார் வந்தார், ஹாஜியார் வந்தார், சுற்றிலும் ஊர் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. செவலைக்கு வந்த அதே நோவு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

“பாருங்க” என்றார் மசூர். அவர் குரல் அன்றைக்குத் திடமாக இருந்தது. “இந்த மாடு ஹாஜியார்ட வயலுக்குப் போகல்ல. வீட்ட விட்டு வெளிக்கிடல்ல. இந்த இலையைத் திண்டிச்சி. திண்ட உடனே ஒண்டும் செய்யாது. கொழுக்கவெச்சிப் போட்டுத்தான் கொல்லும். அதாலதான் நமக்கு விளங்கல்ல.”

ஹாஜியார் குனிந்து ஒரு காம்பை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். ஓரத்து மடிப்பை விரலால் தடவினார், பழுப்புத் தூள் ஒட்டியது. முகம் மெல்ல மாறியது. நம்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ், நம்பிவிட்டார் என்று மசூர் நினைத்தார். நம்பியது உண்மைதான்.

“அப்ப இந்த இலை மாட்டைக் கொல்லும்” என்றார் ஹாஜியார்.

“ஓம் ஹாஜியார்.”

“எப்பிடிக் கொல்லுமெண்டு ஒனக்குத் தெரியும். எவ்வளவு காலம் தீத்தினா விழுமெண்டும் தெரியும். சொன்ன தவணைக்கே விழுத்திக் காட்டிப் போட்டாய்.”

பேச்சை எங்கே கொண்டு போகிறார்கள் என்று மசூருக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

“இந்த மாட்டுக்கு ஆர் தீத்தின?” என்று கேட்டார் மரைக்கார்.

கூட்டத்துக்கு அப்பால், வேலியோரம் றபீக்காவோடு சுல்பிகா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது மசூருக்குத் தெரிந்தது. அவள் கையில் இன்னும் பச்சைக் கறை போகவில்லை. குர்ஆனில் கை வைக்கப் பயந்து அன்றைக்கு நின்ற மனிசன், இன்றைக்கு ஒரு கணமும் தயங்கவில்லை.

“நான்தான்.”

“ஒன்ட கையால?”

“என்ட கையால.”

“சொந்தப் புள்ளைக்குப் பிரிச்ச மாட்டுக்கே நஞ்சு தீத்தினவன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, “ஊரான்ட மாட்டை விடுவானா?”

அவ்வளவுதான். மரைக்கார் கண்ணை மூடிக்கொண்டு தாடியைத் தடவினார். அவருக்கும் மனசு கஷ்டப்பட்டிருக்கும். ஆனால் கையை இழுத்துக்கொண்டவனின் கை அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்குச் சத்தியம் பண்ண மறுத்தது எதற்கென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பார்களே, மசூர் அதற்கென்று மலைக்குப் போய் வண்டில் வண்டிலாக ஏற்றி வந்திருந்தார்.

மயிலை முன்னங்காலை மடித்து விழுந்தது. உயிர் இருக்கும்போதே அறுத்தால் ஹலாலாகப் போகும். மசூர் பள்ளி லெப்பையைப் பார்த்து, “ஒரு கத்தி தாங்க” என்றார். லெப்பை பின்னுக்குப் போனார். நஞ்சு தின்ற மாட்டுக்குக் கத்தியா என்று யாரோ கேட்டார்கள். சனம் கலைந்தது. வெயிலில் அது சாகும் வரைக்கும் மசூரும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். பிறகு செல்லத்தம்பி வண்டிலைக் கொண்டு வந்தான். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டித் தாட்டார்கள். மசூர் தோலை உரிக்கவில்லை.

ஒலுவிலிலிருந்து ஆள் வரவேயில்லை. வராததே பதில்.

அடுத்த மாரிக்கு ஹாஜியாரின் பட்டியை வேறொருவர் ஓட்டிப் போனார். மசூரின் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் செல்லத்தம்பிதான். வேற்றூர்க்காரன், ஊர்க்கட்டு அவனைக் கட்டாது. ஒரு நாள் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, புதினம் சொன்னான்.

“ஒரு மாட்டையும் இப்ப அந்தச் சரிவுக்கு விடுறதில்ல, காக்கா. குருத்தைக் கண்டாலே அடிச்சித் துரத்துறாங்க. இந்த முறை ஒரு மாடும் சாகல்ல. உங்கட புண்ணியம்தான்.”

“இலையை நம்பிட்டாங்க” என்றார் மசூர். “என்னைத்தான் நம்பல்ல.”

உள்ளே சுல்பிகா உமியை வாருகிற சத்தம் கேட்டது. அவளைப் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைக் கதைப்பதில்லை.

“இன்னொண்டு” என்றான் செல்லத்தம்பி. “போன கிழமை சரிவு முழுக்க நெருப்பு வெச்சிட்டாங்க. அடியோட ஒழிச்சாச்சாம். வாற வருசம் நல்ல புல் வருமெண்டு மாட்டை அங்கதான் விடப்போறாங்களாம்.”

மசூர் நிமிர்ந்தார். கத்தியால் கிண்டியபோது கண்ட கறுப்புத் தண்டு கண்ணுக்குள் வந்தது. நெருப்பு அதற்கு எட்டாது. மற்ற எல்லாவற்றையும் எரித்து அதற்கு இடம் பண்ணித்தான் கொடுக்கும். சாம்பலைத் துளைத்துக்கொண்டு முதலில் எழும்புவது அந்தச் செம்பட்டைச் சுருள்தான், முந்தியதை விட அடர்த்தியாக.

“எரிச்சா இன்னும் கூடும் செல்லத்தம்பி. அதுட சீவன் நிலத்துக்குள்ள.”

“அப்ப போய்ச் சொல்லுங்க காக்கா. எவ்வளவு மாடு சாகும்.”

மசூர் எழும்பினார். சால்வையைத் தோளில் போட்டார். படலை வரைக்கும் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே இருந்தார்.

“ஒனக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேப்பாங்க” என்றார்.